மரைக்கா டீச்சர் அடிக்கவில்லை

சோப்புத் தண்ணீரில் கழுவிய பிளாஸ்டிக் குழலை வாயில் வைத்ததும் நாக்கில் ஒட்டுகிற கசப்பு இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. பென்னாகரத்தில் நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது, ஓராண்டு இசை கற்பிக்க ஹாலந்திலிருந்து மரைக்கா என்ற பெண்மணி வந்தார். தம் நாட்டு மேடைகளில் இருபது ஆண்டுகள் 'ரெக்கார்டர்' வாசித்தவர் என்று தலைமையாசிரியை சொன்னதும், பாட்டுக் கேட்கிற டேப் பெட்டியை எதிர்பார்த்து நாங்கள் காத்திருக்க, அவர் பையிலிருந்து எடுத்ததோ நேராகப் பிடித்து ஊதுகிற ஒரு மரக்குழல். எங்களுக்கென்று பிளாஸ்டிக்கில் பன்னிரண்டு கொண்டுவந்திருந்தார். "மெதுவா. சூடு சோறு ஊதற மாதிரி" என்பார், கற்றுக்கொண்ட கொஞ்சத் தமிழில்.

ஆண்டு விழாவில் தனியாக வாசிக்கப் போவது நான்தான் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். டீச்சர் தேர்ந்தெடுத்ததோ, வத்தல்மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த லட்சுமியை. அன்று மாலை சைக்கிளிலிருந்து விழுந்து என் மணிக்கட்டு கன்றிப்போனது. "என்ன கண்ணு ஆச்சு?" என்று அப்பா கேட்டதும், "டீச்சர் கொழலால அடிச்சிட்டாங்கப்பா" என்றேன்.

மறுநாள் அப்பா நாலு பேரோடு பள்ளிக்கு வந்து, "எம் புள்ளைய அடிக்கறதுக்கா அவ்ளோ தூரத்துல இருந்து வந்தீங்க?" என்று கத்தினார். தலைமையாசிரியை என்னிடம் உண்மையா என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தபடி தலையாட்டினேன். "நான் அடிக்கல" என்று டீச்சர் ஒரே ஒருமுறை சொன்னார். என்னைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. அந்த வாரமே அவரை அனுப்பிவிட்டார்கள், குழல்கள் பீரோவுக்குள் போயின, விழாவில் லட்சுமி கூட்டத்தோடு உட்கார்ந்து கை தட்டினாள். எனக்காக நியாயம் கேட்டதை அப்பா சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் கைபேசியில் டீச்சரின் இணையப் பக்கம் கண்ணில் பட்டது. முடி வெளுத்து, இன்னும் ஏதோ ஒரு சிற்றூரில் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறார். வாசித்த மேடைகளும் கற்பித்த பள்ளிகளும் வரிசையாக இருந்தன. எங்கள் ஊர் அதில் இல்லை. நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது: "எழுதியதற்கு நன்றி. லட்சுமி இப்போதும் வாசிக்கிறாளா?"

லட்சுமி அந்த ஆண்டோடு படிப்பை விட்டு மலைக்குப் போனவள். நான் ஒருநாளும் அவளை விசாரித்ததில்லை. பள்ளிக் கட்டடத்தை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள்; பீரோ போன இடம் யாருக்கும் தெரியவில்லை. நான் இருக்கிற தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்கு இப்போது பஸ் போகிறது. இரண்டு முறை நிறுத்தம்வரை போய், ஏறாமல் திரும்பிவிட்டேன்.