நான் வெட்டிய ஏழு வரிகள்

எங்கள் குடியிருப்பில் தண்ணீர் லாரி வரும் நேரத்தைச் சொல்வதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ரிட்டயர்டு ஆள், சும்மாதானே இருக்கிறார் என்று என்னை அதற்கு அட்மின் ஆக்கிவிட்டார்கள். போன வாரம் மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் அதில், ‘சாயங்காலம் யாராவது கேரம் ஆட வருகிறீர்களா, தனியாகத்தான் இருக்கிறேன்’ என்று எழுதிவிட்டார். உடனே இன்னொருவர், ‘சார், இது தண்ணிக்கான குரூப். டெலிட் பண்ணுங்க’ என்றார். நான் பண்ணவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதிலும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு அரியலூரில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி ஆபீசில் எழுத்தர் வேலை. ரயிலடிப் பக்கம் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் மேஜையெல்லாம் வெள்ளைத் தூசி, மூடினால் புழுக்கம். வேலை விட்டு வந்தால் பேச ஆள் கிடையாது. டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பிரித்து மாட்டுவதுதான் பொழுதுபோக்கு. சால்டரிங் பேஸ்ட் கருகும் வாசனை என் சட்டையை விட்டுப் போகவே போகாது. மெஸ்ஸில் பக்கத்து இலைக்காரர் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவார்.

இதே கிறுக்குப் பிடித்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள். அரியலூர்-பெரம்பலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த செல்வராசுவைத் தவிர மற்றவர்களை நான் நேரில் பார்த்ததில்லை. எல்லாம் தபால்தான். ஒவ்வொருவரும் தான் செய்து பார்த்த சர்க்யூட்டை எனக்கு எழுதி அனுப்புவார்கள். நான் கார்பன் தாள் வைத்து, விரல் வலிக்க அழுத்தி எழுதி, மூன்று பிரதி எடுத்து அனுப்புவேன். ஒருவர் படித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். அதற்குச் ‘சுற்று’ என்று பெயர். யாருடைய சர்க்யூட்டையும் யாரும் எடுத்துச் செய்யலாம். அதில் எதையாவது மாற்றினால், மாற்றியதை ஒளிக்காமல் சுற்றுக்கு எழுதிவிட வேண்டும். அதுதான் எங்கள் சட்டம்.

இரண்டாவது சட்டம் நானாகப் போட்டது. செந்துறைக்காரரும் உடையார்பாளையத்துக்காரரும் ஏரியல் கம்பியை எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்று ஆரம்பித்துச் சண்டையில் கொண்டுபோய் விட்டார்கள். ‘உமக்குக் கம்பியும் தெரியாது, கரண்டும் தெரியாது’ என்று செந்துறைக்காரர் எழுதியிருந்ததை, ‘இவர் மாறுபடுகிறார்’ என்று மாற்றி எழுதினேன். அதோடு விட்டேனா? ‘இனி சர்க்யூட் மட்டும், சொந்த விஷயம் கூடாது’ என்று சுற்றின் தலைப்பிலேயே போட்டுவிட்டேன். ஹைகோர்ட் ஜட்ஜ் என்று நினைப்பு எனக்கு.

அந்தச் சட்டத்தில் அதிகம் அடிபட்டவர் கலியமூர்த்தி. வேப்பந்தட்டைப் பக்கம் ஓர் ஊரில் பஞ்சாயத்து ரேடியோவைப் பார்த்துக்கொண்டவர். சாயங்காலம் அறையைத் திறந்து, ஊருக்கே கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, உள்ளே ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பார். தபால்காரர் எத்தனை உறை கொடுத்தாலும் நான் முதலில் பிரிப்பது அவருடையதைத்தான். பாதி சர்க்யூட், மீதி அவர் பாடு. மனைவி போனதிலிருந்து உலை வைக்கக் கற்றுக்கொண்டது, சோறு குழைந்தது, அதையும் ரேடியோவில் சேதி கேட்டபடியே சாப்பிட்டு முடித்தது. நான் அதையெல்லாம் இரண்டு தடவை படிப்பேன். படித்துவிட்டு, பிரதியில் சேர்க்காமல் வெட்டிவிடுவேன்.

ஒரு தை மாதம் வந்த அவர் கடிதத்தின் அடியில் ஏழு வரிகள் இருந்தன. ‘நாம் ஒன்பது பேரும் ஒருநாளும் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. மாசி முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். அடையாளத்துக்கு மடியில் ரேடியோ வைத்திருப்பேன். ஒருத்தர் வந்தாலும் போதும்.’

பேனா நின்றது. இதை வெட்டாமல் விட்டால், என் வரியை மட்டும் வெட்டினீரே என்று செந்துறைக்காரர் கேட்பார். வெட்டினேன். நான் ஒருவன் போய்விட்டு வந்தால் போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பெரம்பலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. மற்றவர்கள் எங்கே என்று கேட்பாரே, நான்தான் வெட்டினேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? பஸ் கிளம்பிவிட்டது. ஒரு டீயைக் குடித்துவிட்டு அறைக்குத் திரும்பினேன். வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லவும் யாரும் இல்லை.

இரண்டு நாள் கழித்து செல்வராசு தன் சர்க்யூட்டைக் கொடுக்க அறைக்கு வந்தார்.

“ஞாயித்துக்கெழம பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தரப் பாத்தேன் சார். மடியில ரேடியோவ வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. பத்து மணி நடைக்கும் இருந்தாரு, நாலு மணி நடைக்கும் அங்கயேதான் இருந்தாரு.”

“நீங்க பேசலியா?”

“என்னன்னு பேசறது? எந்த பஸ்ஸுலயும் ஏறல. எறங்குறவங்க மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தாரு. யாரையோ வரச்சொல்லியிருப்பாரு போல, பாவம்.”

நான் குறடைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். தெரிந்திருந்தால் செல்வராசு வண்டியை நிறுத்திவிட்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்திருப்பார். அவரிடமும் நான் சொல்லவில்லை.

அடுத்த மாதம் கலியமூர்த்தியிடமிருந்து ஒற்றைத் தாள் வந்தது. சர்க்யூட், பாகங்களின் பட்டியல், கையெழுத்து. நலம் விசாரிப்புகூட இல்லை. வெட்டுவதற்கு ஒரு வார்த்தை இல்லாத கடிதம் அவரிடமிருந்து அதுதான் முதல். அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் அப்படித்தான். மன்னிப்புக் கேட்டு மூன்று தடவை எழுதினேன், மூன்றையும் கிழித்தேன்.

டிவி வந்தது. பஞ்சாயத்து ரேடியோ அறைகளைப் பூட்டினார்கள். எழுதுகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து சுற்றும் நின்றது. பல வருடம் கழித்து கலியமூர்த்தியின் ஊருக்குப் போனேன். ரேடியோ அறை இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தார்கள். “அவரு எங்கயோ சொந்தக்காரங்க வூட்டோட போயிட்டாருங்க” என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அவருடைய கடிதங்களையும் நான் அறை மாறியபோது பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன்.

அந்த ஏழு வரிகளையும் எட்டுப் பேருக்கு என்றுதான் அவர் எழுதினார். படித்தது நான் ஒருவன். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்தவனும் நான்தான்.