வடிகட்டி அனுப்பிய கிணற்றுத் தண்ணீர்

இந்த நாட்டில் மண்ணை ஐஸில் வைத்து அனுப்புகிறார்கள். எங்கள் கடற்கரையில் சில நாள் மீனுக்கே ஐஸ் கிடைக்காது. இங்கே எட்மண்டனில், மூடிப்போன பெட்ரோல் பங்குகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பார்க்கத் தரையைத் துளைத்து, மண்ணைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, ஐஸ் பெட்டியில் லேபுக்கு அனுப்புவதுதான் என் வேலை. குழாய் இறக்கி நிலத்தடி நீரும் எடுப்போம். ஒரு குழாய்க்குப் போட்ட கையுறையை அடுத்ததற்குப் போடக் கூடாது. அந்தத் தண்ணீரை ஒருவரும் குடிப்பதில்லை. அதற்கே இத்தனை பாடு.

போன மாதம் ஒரு துளையிலிருந்து வந்த மண்ணில் டீசல் நாறியது. அய்யாவின் ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கடலிலிருந்து திரும்பி என்னைத் தூக்கும்போது அவர் சட்டை இப்படித்தான் நாறும். கூட வேலை செய்யும் டேவ் என்பவனிடம், "இது எங்கள் வீட்டு வாசனை" என்றேன். அவன் பதறிப்போய் என் முகமூடி சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். தலை சுற்றுகிறதா என்று கேட்டான்.

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊர் மண்டபம் பக்கம். அங்கே வீட்டுக்குப் பின்னால் படகுகளுக்கு டீசல் போடும் பங்க் ஒன்று இருக்கிறது. அதன் தொட்டி கசிகிறது என்று எனக்குச் சந்தேகம். போன் வீடியோவில் பார்த்தேன், வீட்டுக் கிணற்றில் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் மிதந்தது. அக்கா அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள். போனில் கத்தினேன்.

"கடக்கரையில டீசல் நாறாம மல்லிப்பூவா மணக்கும்? போடா" என்றாள்.

பங்க்காரரோ, ஆதாரம் காட்டச் சொன்னார். மதுரையில் ஒரு லேபைப் பிடித்து, தண்ணீர் எடுத்து அனுப்பு என்று அக்காவிடம் சொன்னேன். அனுப்பினாள். டீசல் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. பங்க்காரர் அதை நகலெடுத்துத் தெருவெல்லாம் காட்டினார். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"எப்படி எடுத்த?"

"பாட்டில நல்லா வெளக்குனேன். தண்ணிய ராவெல்லாம் அண்டாவுல தெளிய வச்சு, வேட்டித் துணியில ரெண்டு தரம் வடிகட்டி ஊத்துனேன்."

"எதுக்கு வடிகட்டுன?"

"பெறகு? வெளியாளுக கைக்குப் போற தண்ணி. தூசியும் தும்புமாவா குடுப்பாக? நம்மளப் பத்தி என்ன நெனப்பாக?"

எங்கள் வீட்டில் அப்படித்தான். வெளியாளுக்கு வடிகட்டாமல் தண்ணீர் கொடுத்ததில்லை. டீசலில் பாதி துணியோடு போயிற்று, மீதி அண்டாவிலிருந்து ஆவியாய்ப் போயிற்று. அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வெள்ளைக்காரன் நிலத்துக்குக் குழாய்க்கொரு கையுறை மாற்றுகிற நான், எப்படி எடுப்பது என்று அக்காவுக்கு ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லவில்லை.

லீவு போட்டு ஊருக்குப் போனேன். குப்பி, கையுறை எல்லாம் கொண்டுபோனேன். முதல் வாளியிலேயே, வடிகட்டாமல், எதுவும் ஆவியாகாதபடி காற்றுக்குமிழ் இல்லாமல் குப்பிகளை நிரப்பினேன். மச்சான் கிணற்றடியில் குத்தவைத்துச் சிரித்தார்.

"என்ன மாப்ள, கெணத்துக்கு ஊசி போட வந்தியா?"

"சிரிங்க மச்சான். ரிசல்ட்டு வரட்டும்."

"போன தடவயும் அதத்தான சொன்ன?"

அக்கா அதே கிணற்றுத் தண்ணீரை ஒரு டம்ளரில் கொண்டுவந்தாள். "வெயில்ல நிக்கிற. குடி." வாங்கினேன். வாயருகே கொண்டுபோனேன். அய்யாவின் சட்டை வாசனை. அந்த ஒரு மடக்குக்காக நான் எத்தனையோ வருடம் ஏங்கியிருக்கிறேன். குடித்தால் அக்கா சாகும்வரை இதையே குடிப்பாள்.

"வேணாம்க்கா."

"இந்தத் தண்ணியில வளந்தவன்தான நீ?"

"ஆமா. வேணாம்."

என் முகத்தையே பார்த்தாள். மச்சானின் சிரிப்பும் நின்றுவிட்டது. அக்கா டம்ளரை வாங்கினாள். தானும் குடிக்கவில்லை. முருங்கை மரத்து மூட்டில் ஊற்றினாள். "அந்தக் கொடத்தையும் கொட்டிருங்க" என்று மச்சானிடம் சொன்னாள். பிறகு என் பையிலிருந்த கடைத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அதே டம்ளரில் ஊற்றி, ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கொடுப்பது போல இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.