ராமென் கடை வரிசையில் என் வீட்டுக்காரர்

எங்கள் மலையூரான சோளக்காட்டில் பஸ்ஸுக்கு நின்றால் என் வீட்டுக்காரர் ஒருநாளும் முதல் பஸ்ஸில் ஏறியதில்லை. யாராவது மிளகு மூட்டையோடு வந்துவிடுவார்கள். "நீங்க ஏறுங்க, நாங்க அப்புறம் வாரோம்" என்று இவர் ஒதுங்கிக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து நானும் அடுத்த பஸ்ஸில்தான் மலையிறங்குகிறேன். இந்தக் குணம் ஜப்பான் வரைக்கும் கூடவே வரும் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் மகளுக்கு ஒசாகாவில் கம்ப்யூட்டர் வேலை. மிளகு பறிப்பு முடிந்ததும் எங்களை அங்கே வரவழைத்தாள். காலையில் அவள் ஆபீஸ் கிளம்பும்போதே மத்தியானம் நாங்கள் சாப்பிட வேண்டிய கடையைப் போன் மேப்பில் குறித்துக் கொடுத்துவிடுவாள்.

"ராமென் சாப்பிடாம ஊருக்குப் போகக் கூடாதும்மா. கோழிச் சாறு ஊத்தற கடையாத்தான் பார்த்திருக்கேன்."

பெரிய கிண்ணம் நிறையச் சாறு, அதற்குள் நூடுல்ஸ், மேலே கறித்துண்டும் அரை முட்டையும். இதற்காக எவ்வளவு நேரம் தெருவில் நிற்க வேண்டும் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

முதல் கடைக்குள் ஒன்பது பேர்தான் உட்காரலாம். வெளியே முப்பது பேர், சுவரோரமாக, ஒரு வார்த்தை பேசாமல். நாங்களும் போய் நின்றோம். எங்கள் மலைக் குளிர் பழகிய உடம்புதான், ஆனாலும் அந்தத் தெருக்காற்று காதைக் குடைந்தது. ஒன்றேகால் மணி நேரம் கழித்து எங்களுக்கு முன்னால் இரண்டே பேர் மிச்சம். அப்போதுதான் எங்கள் பின்னால் கைத்தடி ஊன்றி நின்ற பெரியவரையும் அவர் மனைவியையும் இவர் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, வேண்டாங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கையைக் காட்டினார். பெரியவர் வேண்டாமென்று குனிந்தார். இவரும் குனிந்தார். அந்தம்மா குனிந்தார். இப்படி நாலு தடவை குனிந்து நிமிர்ந்த பிறகு அவர்கள் முன்னால் போனார்கள். உடனே கடைக்காரர் வெளியே வந்து தலைகளை எண்ணி, சரியாக என் முகத்துக்கு நேரே ஒரு பலகையை மாட்டினார். மகள் சொல்லிக்கொடுத்தபடி போனைக் காட்டித் தமிழில் படித்தால், இன்றைக்குச் சாறு தீர்ந்துவிட்டதாம்.

"பெரியவரு தடி ஊனிட்டு நின்னாரு புள்ள."

"எனக்கும்தான் முட்டி வலிக்குது. நானும் ஒரு தடி வாங்கிக்கட்டுங்களா?"

அன்று மத்தியானம் ஆளுக்கு ஒரு பன் தின்றோம்.

மறுநாள் வேறு கடை. வாசலில் ஒரு மெஷின். பட்டனை அமுக்கினால் வரும் சீட்டைக் கொடுத்தால்தான் சாப்பாடு. மேல் வரிசையில் முதல் பட்டன் என்று மகள் சொல்லியிருந்தாள். இவர் அதை அமுக்கினார். நானும் அதையே அமுக்கப் போனேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணையே எதுக்குத் திங்கணும்? நீ வேற எதையாச்சும் அமுக்கு, மாத்தி ருசி பாக்கலாம்."

பின்னால் வரிசை நெருக்கியது. கைக்கு வந்த ஒன்றை அமுக்கினேன். உள்ளே அவருக்கு ஒரு கோடியில் இடம், எனக்கு மறுகோடியில். நடுவில் ஆறு பேர். அவருக்கு ஆவி பறக்கக் கிண்ணம் வந்தது. எனக்கு வந்தது ஒரு சின்னத் தட்டில் அவித்த வெறும் நூடுல்ஸ். சாறு மிச்சம் வைத்திருப்பவர்கள் அதில் போட்டுக்கொள்ள வாங்கும் மறுசோறு அது என்று மகள் பிற்பாடு விளக்கினாள். பரிமாறிய பெண் என்னவோ நீளமாகச் சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏனுங்க! கொஞ்சம் சாறு குடுங்க!" என்று கூப்பிட்டேன். ஆறு தலைகளும் நிமிர்ந்தன. இவரோ கடைசிச் சொட்டு வரை கிண்ணத்தைத் தூக்கிக் குடித்துவிட்டு, என்னைப் பார்த்து, "நல்லாருக்கு!" என்று தலையாட்டினார். எப்படியிருக்கிறது என்று நான் விசாரித்ததாக நினைத்துக்கொண்டாராம்.

வெறும் நூடுல்ஸை இஞ்சி ஊறுகாயோடு விழுங்கினேன். திரும்பி வரும் வழியில் ரயில் முழுக்க அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள், "இன்னைக்கு நான் மட்டும் போறேன்" என்றேன்.

"நானும் வாரேன்."

"நீங்க ஊட்டுலயே இருங்க."

நேற்றைய கடை வாசலிலேயே தனியாக நின்றேன். பின்னால் நிற்பது யார், நொண்டியா கிழமா என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மேல் வரிசையில் முதல் பட்டனை அமுக்கினேன். முழுக் கிண்ணமும் எனக்கே வந்தது. முதல் வாய் சாறு இறங்கியதும் நெஞ்சு வரை சூடு பரவியது. பக்கத்து ஆள் சத்தமாக உறிஞ்சினார், நானும் உறிஞ்சினேன். ஏழே நிமிஷம். கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள் என் கிண்ணத்தையே பார்த்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். இதற்கா ஐம்பது நிமிஷம் நின்றேன் என்று எரிச்சலாக வந்தது. அதைச் சொல்லவும் பக்கத்தில் ஆளில்லை.

வீட்டில் இவர் சோறு வடித்து ரசம் வைத்திருந்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"உப்பு ஜாஸ்தி" என்றேன். அது பொய்.

தட்டில் ரசஞ்சோறு போட்டு என் முன்னால் வைத்தார். அதையும் தின்றேன். பாதிச் சாப்பாட்டில் மகளிடமிருந்து மெசேஜ் வந்தது. நாளைக்கு இன்னொரு கடையாம், அங்கே கூட்டம் இதைவிட அதிகமாம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.