பல்புக்கும் ஓய்வு

எனக்கு வாய் அதிகம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர்கள் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துப்போயிற்று. சேலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மலையில் கம்ப்யூட்டர் தெரிந்த பெண் நான் ஒருத்திதான் என்று எனக்குள் ஒரு நினைப்பு. வேறு ஒருத்தி இருந்தாளா இல்லையா என்று யார் போய்ப் பார்த்தார்கள்?

ஆபீசில் இருந்தது மூன்றே பேர். மேனேஜர், அவரைத் தோட்டத்து ஆட்கள் துரை என்பார்கள். இருபத்தெட்டு வருடமாக அங்கேயே கணக்கெழுதிய ரைட்டர். அப்புறம் நான். டீ போட்டுக்கொடுத்து ஆபீசைக் கூட்டுகிற அக்கா ஒருத்தி தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற கீழ் லைன் வீடுகளிலிருந்து வருவாள். அவள் மகளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மலை ஈரம் எதையும் சும்மா விடாது. ஐப்பசியில் கழற்றிப் போட்ட செருப்பில் மறுநாள் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்திருக்கும். தீக்குச்சி பற்றாது. உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். அதனால் கம்ப்யூட்டருக்கென்று தச்சரிடம் சொல்லி ஒரு மர அலமாரி செய்திருந்தார்கள். அதற்குள் ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு. சாயங்காலம் மெஷினை நிறுத்தி அலமாரிக் கதவைச் சாத்தினாலும் பல்பு மட்டும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். சேலத்திலிருந்து மெஷினைக் கொண்டுவந்து மாட்டிய மெக்கானிக் சொன்ன ஏற்பாடு அது. ரைட்டருக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு. "என்ன கண்ணு, குஞ்சு பொரிச்சிருச்சா?" என்று தினமும் காலையில் கேட்பார். தினமும் ஒரே கேள்வி. நானும் தினமும் முறைப்பேன்.

தோட்டத்தில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள் இருந்தன. மேல் லைன் வீடுகளுக்கு மேல் தொட்டி, கீழ் லைனுக்குக் கீழ் தொட்டி. இரண்டுக்கும் வேறு வேறு ஓடை. காபித் தண்டைத் துளைக்கிற பூச்சிக்கு மருந்தடிக்கிற நாட்களில், மருந்து கலக்கக்கூடிய ஓடை எதுவோ அந்தத் தொட்டியில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். 'ஐந்து நாள் கீழ் தொட்டித் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, ஆபீஸ் குழாயில் பிடித்துக்கொள்ளவும்.' எந்தப் பக்கம் மருந்து என்று மேனேஜர் என்னிடம் சொல்வார். நான் அடித்துத் தாளை எடுத்துக் கொடுப்பேன். ரைட்டர் கொண்டுபோய் ஒட்டுவார், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டுவார். வழக்கம் இவ்வளவுதான்.

அந்த வருடம் ஆயுத பூஜையும் விஜயதசமியும் சனி ஞாயிறோடு சேர்ந்து நான்கு நாள் விடுமுறை. முதல் நாள் மத்தியானமே பூஜை போட்டுவிட்டோம். தராசு, கிளை வெட்டுகிற கவாத்துக் கத்திகள், ஜீப், டைப்ரைட்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பொரி கடலை, உடைத்த பூசணிக்காய். பூஜையில் வைத்ததை விஜயதசமி முடிகிறவரை தொடக்கூடாது. மேனேஜர் சொன்ன மருந்து நோட்டீஸ் ஒன்று அடிக்க மிச்சம் இருந்ததால் கம்ப்யூட்டரை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை. அதெல்லாம் சரி. ரைட்டர் அலமாரிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பல்பையும் அணைச்சுரணும் கண்ணு" என்றார்.

"அதெப்படிங்க? அது எரியணும்."

"வேலை செய்யறது எல்லாத்துக்கும் இன்னிக்கு ஓய்வு. அதும் வருசம் பூரா வேலை செய்யுதுல்ல? பாவம், அதுக்கு மட்டும் ஓய்வு வேண்டாமா?"

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது. சேலத்தில் என் கூடப்பிறந்தவள் வீட்டுக்குப் போக வேண்டும். வாக்குவாதம் பண்ணினேன், கத்தினேன், கடைசியில், "என்னமோ பண்ணுங்க, மெஷின் போனா உங்க தலைமேலதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் பல்புக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு, கும்பிட்டு, சுவிட்சை அணைத்தார்.

அந்த நான்கு நாளும் மலையில் விடாத மழையாம். ஐந்தாம் நாள் காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கேட்டில் வாட்ச்மேன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆபீஸ் பூட்டியிருந்தது, டீக்கு அடுப்பு பற்ற வைக்கவில்லை.

விடுமுறை ஆபீசுக்குத்தான்; பூஜைக்கு மறுநாள் விடிகாலையில், மழை பிடிப்பதற்கு முன், கீழ்ப்பக்கம் மருந்தடித்திருக்கிறார்கள். மழை அதைக் கழுவிக்கொண்டு ஓடையில் இறக்கிவிட்டது. கீழ் தொட்டியில் நோட்டீஸ் இல்லை. கீழ் லைனில் ஒன்பது பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. டீ போடுகிற அக்காவின் மகளுக்குக் கண் செருகி, வாயில் நுரை தள்ளி, ஜீப்பில் போட்டுச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நோட்டீஸ் எங்கே என்றால், மேல் தொட்டியில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியதை மேல் லைன்காரர்கள் பார்த்திருக்கிறார்கள்; அவர் வாசித்துக் கேட்டதோடு சரி, தாளைப் படித்துப் பார்த்தவர் யாருமில்லை. மழையில் ஊறிக் கிழிந்து, நான் போய்ப் பார்த்தபோது நான்கு மூலையில் பசை மட்டும் மிச்சம் இருந்தது.

மேனேஜர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார். ரைட்டர் கை கட்டி நின்றார்.

"தாள்ல மேல் தொட்டின்னுதானுங்க இருந்துச்சு. இருந்ததைத்தான் ஒட்டினேன்."

"பொய்ங்க சார்" என்றேன் நான். "நீங்க கீழ்னு சொன்னீங்க, நான் கீழ்னுதான் அடிச்சேன்."

"இல்ல கண்ணு. 'மேலயா?'ன்னு கூட உன்னைக் கேட்டனே."

"கேக்கவே இல்லைங்க! வயசாச்சு, கண்ணு தெரியலைன்னா சொல்லுங்க. பழியை என்மேல போடாதீங்க."

சத்தியமாக அப்போது நான் அதை நம்பினேன். அப்படி ஒரு கேள்வி என் காதில் விழுந்த ஞாபகமே எனக்கு இல்லை. மேனேஜர், "சண்டை வேண்டாம். கம்ப்யூட்டர்ல அந்த நோட்டீஸ் இருக்குமில்ல? திறந்து காட்டு" என்றார். இருக்கும்தான். அலமாரியைத் திறந்தேன். சந்தனப் பொட்டின்மேல் பூஞ்சை பிடித்திருந்தது. மெஷினைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, திரை வெளிச்சம் வருகிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஹார்ட் டிஸ்க் 'டிக்' என்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டிக்'. அவ்வளவுதான்.

நான் திரும்பி, வாசலில் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்: "பாத்தீங்களா சார்? இதுக்குத்தான் பல்பை அணைச்சிருக்காரு. சாட்சி சாகணும்னு."

சொல்லும்போதே அது அபத்தம் என்று எனக்குத் தெரியும். பல்பை அணைத்தபோது மழையும் இல்லை, விஷமும் இல்லை, ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத் துணி எடுக்க வந்த அக்கா ஆபீஸ் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "என்ற புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சு, உன் ஊடு வெளங்காதுடா! நீ நல்லாவே இருக்க மாட்டே!" ரைட்டர் தலை கவிழ்ந்து நின்றார். அவளை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்ததே அவர்தான்.

மேனேஜர் ஒரு முடிவு சொன்னார். மெக்கானிக் வரட்டும். டிஸ்க்கிலிருந்து நோட்டீஸை எடுக்கட்டும். தாளில் கீழ் என்று இருந்தால் ரைட்டர் வேலையையும் குவார்ட்டர்ஸையும் விட்டுப் போக வேண்டும். மேல் என்று இருந்தால் நான். எடுக்க முடியாமல் போனால் ஒட்டியவர்தான் பொறுப்பு. அவர் கையில்தானே கடைசியாகத் தாள் இருந்தது.

மெக்கானிக் வர மூன்று நாளாயிற்று. அந்த மூன்று நாளும் ரைட்டர் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மூடுபனி வந்து அவரை மறைக்கும், விலகும், அவர் அங்கேயேதான் இருப்பார். நான் உள்ளே உட்கார்ந்து டைப்ரைட்டரில் தட்டிக்கொண்டிருந்தேன். டிஸ்க் உயிரோடு வந்தால் நான் சொன்னது நிரூபணம் ஆகிவிடும், எனக்கு என்ன பயம் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு தடவை சொன்னால் போதாதா? பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான்.

மெக்கானிக் பேன்ட் நனைந்து, பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கினார். டிஸ்க்கைக் கழற்றிக் காதோரம் வைத்து லேசாகக் குலுக்கிப் பார்த்தார்.

"உள்ள தட்டு ஒட்டிக்கிச்சுங்க. ஈரம், குளிர், நாலு நாள் அசையாம இருந்திருக்குது. பல்பு எரியலையா?"

அவர் அதே பல்பை எரியவிட்டு, டிஸ்க்கைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்து அலமாரியைச் சாத்தினார். ஒரு மணி நேரம் சூடு ஏறட்டும் என்றார். அந்த ஒரு மணி நேரம் சுவரில் கடிகாரம் ஓடியது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு டிஸ்க்கை வெளியே எடுத்து, ஒயரை மாட்டி, கையில் தட்டையாகப் பிடித்து, பவர் போட்ட நொடியில் மணிக்கட்டை வெடுக்கென்று திருப்பினார். முதல் தடவை 'டிக்'. இரண்டாம் தடவையும் 'டிக்'. மூன்றாம் தடவை உள்ளேயிருந்து மெல்லிதாக ஒரு முனகல் கிளம்பி உயர்ந்துகொண்டே போயிற்று. தட்டு சுற்றுகிறது.

"இந்த ஒருவாட்டிதானுங்க ஓடும். நிறுத்தினா மறுக்கா எந்திரிக்காது. வேண்டியதைச் சீக்கிரம் ஃபிளாப்பியில எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, ஈரச் சட்டையை உதறிக்கொண்டு, ஜீப் ஷெட்டில் டிரைவர் பற்றவைத்திருந்த நெருப்பில் குளிர் காயப் போனார்.

அறையில் நான் மட்டும். எஸ்டேட் கணக்கு, ஆள் பட்டியல், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நகலெடுத்தேன். நோட்டீஸைக் கடைசிக்கு வைத்தேன். ஏன் கடைசிக்கு வைத்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பெயரின் மேல் போய் நின்று திறந்தேன். வரி வரியாக எழுத்து வந்தது. தேதி சரியாக இருந்தது. அதற்குக் கீழே, 'மேல் தொட்டித் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.'

போன மாத நோட்டீஸ் அது. பழையதைத் திறந்து தேதியை மட்டும் மாற்றியிருக்கிறேன். அப்போதுதான் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. பல்புக்காகச் சண்டை போட்டுக்கொண்டே அடித்தது. பிரிண்டரிலிருந்து தாளைக் கர்ரென்று கிழித்து அவர் கையில் திணித்தது. அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "மேலயா கண்ணு?" என்று கேட்டது. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "எழுதியிருக்கறதைப் படிக்கத் தெரியாதுங்களா?" என்று கேட்டது.

டிஸ்க் முனகிக்கொண்டே இருந்தது. சன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனியில் அவர் முதுகு தெரிந்தது. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். மேனேஜர் அறை பத்தடி தூரம். வேலை போகும், போகட்டும், ஊரில் வேறு வேலையா இல்லை? அதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றியதெல்லாம் அக்கா தூற்றிய மண்தான். அது என் வாசலில் விழும். அந்தக் குழந்தை அப்போதும் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பது போலிருந்தது. நான் அந்த ஃபைலை அழித்தேன். மெஷின் 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். பிறகு மெஷினை நிறுத்தினேன். முனகல் இறங்கி இறங்கி நின்றுபோயிற்று.

வராந்தாவுக்கு வந்தேன். அவர் எழுந்தார். கால் மரத்துப்போயிருக்க வேண்டும், தூணைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துச்சா கண்ணு?"

"எல்லாம் வந்துச்சுங்க. அது மட்டும் வரலை."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். என் உடம்பெல்லாம் உதறியது. அவர் சொன்னார்: "நடுங்காத கண்ணு. நீ என்ன பண்ணுவே? பல்பை அணைச்சது எங்கையிதானே."

குழந்தை பிழைத்துவிட்டது. பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். ஆனால் வலது கையில் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது, சிலேட்டில் எழுத்து கோணிக்கொண்டு போகும். அக்கா மறுபடி டீ போட வந்தாள். எனக்கு மட்டும் சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போடுவாள். "நீ ஒருத்திதான் சாமி உண்மையைப் பேசினே" என்பாள். அந்த டீயை நான் ஏழு மாதம் குடித்தேன். அதற்கு மேல் முடியாமல் வேலையை விட்டேன்.

ரைட்டர் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிய அன்று காலையில் சாவிக்கொத்தைக் கொடுக்க ஆபீசுக்கு வந்தார். வெளியே வாடகை வேனில் இரண்டு டிரங்குப் பெட்டியும் ஒரு கட்டிலும் இருந்தன. வெள்ளக்கடை கிராமத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார்களாம். அவர் மனைவி முன்சீட்டில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புது டிஸ்க் போட்ட மெஷின் அலமாரியில் இருந்தது. அவர் குனிந்து உள்ளே எரிகிற பல்பைப் பார்த்தார். குஞ்சு பொரித்ததா என்று கேட்கவில்லை.

"இதை மட்டும் அணைச்சுராத கண்ணு" என்றார். "எந்தப் பூசையா இருந்தாலும் சரி, யாரு சொன்னாலும் சரி. பட்டவன் சொல்றேன். நாளைக்கு உனக்கு ஒரு பழி வந்தா, உனக்குச் சாட்சி சொல்ல அது இருக்கோணும்."

சரிங்க என்றேன். இத்தனை வாய் இருந்தும் எனக்கு அந்த ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை.