மாமன் மடி

மொட்டைத் தலையில் சந்தனம் பூசியதும் மலைக்காற்று பட்டு மண்டைக்குள் வரை சில்லென்று இறங்கியது, பிள்ளைகளே, ஆனால் அன்று நான் நடுங்கியதற்குக் குளிர் மட்டும் காரணமில்லை.

என்னைப் பெற்றவர்கள் இருவரும் இறந்தபின், எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், பக்கத்து அறையான "காம்பரா"வில் இருந்த முத்தம்மாதான், நாளெல்லாம் கொழுந்து பறித்துக் களைத்து வந்த கையோடு, தன் மகன் செல்வத்துக்குச் சுடும் ரொட்டியில் எனக்கும் பாதி தந்து வளர்த்தார். உடப்புசல்லாவையில் இருந்த அவருடைய அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "ஒனக்கே கஞ்சிக்கு வழியக் காணோம். அட்டன்ல அனாதப் புள்ளைக மடம் இருக்கு. திருவிழா முடிஞ்சதும் நானே கொண்டுபோய் விட்டுர்றேன்" என்று சொல்லி, என் துணிகளைக் கட்டி வைக்கவும் சொல்லிவிட்டார்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பிள்ளைகளைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவார்கள். மடியில் வைத்த பிள்ளையை அப்புறம் மாமன் கைவிடக் கூடாது. முத்தம்மா எங்கள் இருவருக்குமே மொட்டை போட்டிருந்தார். செல்வத்துக்குக் குத்தி முடிந்து மாமா எழப்போன நேரத்தில், முத்தம்மா என்னைத் தூக்கி அவர் மடியில் பொத்தென்று போட்டார்.

"யாரு புள்ளைக்கு யாரு மாமன்?"

"எம்புள்ளைக்கு நீதாண்ணே மாமன். உக்காரு."

"ரெண்டு சீரு செய்யணுமேன்னு மாமனுக்கு வேர்த்துருச்சு!" என்று கூட்டத்தில் ஒரு அக்கா கேலி செய்ய, எல்லாரும் சிரித்தார்கள்.

"எந்திரிக்கிறீங்களா, புடிச்சுக்கிறீங்களா? எனக்குக் கை வலிக்குதுங்க" என்றார் ஊசியோடு நின்ற ஆசாரி.

மாமா தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கை என் இடுப்பை இறுக்கிப் பிடித்தது. ஊசி இறங்கியதும் நான் அலறினேன்.

"ஆட்டாதடா டேய்! வேட்டியில ரத்தம் பட்டா ஒங்கம்மாதான் தொவைக்கணும்."

முத்தம்மாவை என் அம்மா என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. மடத்துப் பேச்சை அதற்குப்பின் அவர் எடுக்கவே இல்லை.

அந்த லயம் மண்சரிவில் போய்விட்டது. மாமாவும் இல்லை, அம்மாவும் இல்லை. இப்போது தலவாக்கலை நகைக்கடையில் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து மெஷினால் ஒரு நொடியில் குத்திவிடுகிறார்கள். வலி குறைவு, நல்லதுதான். ஆனால் ஊர் முன்னால் நின்று "இது எம்புள்ள" என்று ஒருத்தி சொல்ல அங்கே இடமில்லை. நான் எழுதும் கதைகளின் கீழே என் பெயராக "முத்தம்மா மகன்" என்றுதான் போடுகிறேன்.