ஞாலம் என்றால்

இராஜாக்கமங்கலம் போகும் மாலைப் பேருந்தில் அவரை அடிக்கடி பார்ப்பேன். ஒல்லியான மனிதர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. இருக்கைகள் காலியாகக் கிடந்தாலும் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியேதான் வருவார். பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள், ஓட்டுநருக்குப் பின்னால் எழுதியிருந்த செய்யுளில் ‘ஞாலம்’ என்ற சொல்லைக் காட்டி அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

“ஞாலுதல்னா தொங்குறது, கேட்டேளா. உலகம் அந்தரத்துல தொங்குதுன்னுதான் ஞாலம்னு பேரு வச்சிருக்கான்.”

“எதைப் பிடிச்சுத் தொங்குதாம்?”

“அதை அந்தச் சொல்லு சொல்லல்லியே!” என்று சிரித்தார்.

“அது கெடக்கட்டும், நீங்க எதுக்குத் தொங்கிட்டு வாறிய? சீட்டு காலியாத்தானே கெடக்கு, இரியுங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. கம்பியைப் பார்த்தபடி சொன்னார்: “ரெண்டு பேரு சீட்டுல்லா. அவ போனபொறவு ஒத்தைக்கு இருக்க முடியல்ல.”

சில மாதங்களாக அவர் அந்த வண்டியில் வருவதில்லை. ஏனென்று நடத்துநருக்கும் தெரியவில்லை. செய்யுள் அதே இடத்தில் இருக்கிறது. ஞாலம் என்ற சொல்லுக்குக் கண் போகும்போதெல்லாம், உட்கார்ந்திருந்தும், என் கை முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கிறது.