விரிப்பின் மறுமுனை

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஒரு படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும். தனியாக மடித்தால் நடுவில் கோணல் விழும். அலமாரியில் ஒரு அடுக்கு முழுக்கக் கோணலாக இருந்ததைச் சூப்பர்வைசரம்மா பார்த்து மூன்று வாரமாகிறது. பார்த்தார், கதவை மூடினார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு.

அந்த அடுக்கை மடித்தவள் 'புதுசு'. வேலைக்கு வந்து எட்டு மாதமாகியும் அவளுக்கு அதுதான் பெயர். ஒரு நாள் அழுக்கு மூட்டைக்குள் கிடந்த ஊசி அவள் விரலில் குத்தியது. அதை அவள் விபத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டாள். மூட்டையைச் சோதிக்காமல் அனுப்பியவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவள் வேறு யாருமல்ல, சூப்பர்வைசரம்மாவின் நாத்தனார்; அதே கூடத்தில்தான் வேலை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அன்றிலிருந்து 'போட்டுக்கொடுத்தவளுக்கு' யாரும் மறுமுனையைப் பிடிப்பதில்லை.

தானாக அடங்கிவிடும் என்று சூப்பர்வைசரம்மா கண்டும் காணாமல் இருந்தார். அடங்கவில்லை. பிறகு தானே போய் மறுமுனையைப் பிடித்தார். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதையானது. புதுசுக்குச் 'செல்லப்பிள்ளை' என்று இன்னொரு பெயர் கிடைத்ததுதான் மிச்சம்.

இன்று காலை புதுசு ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நின்றாள். கடிதத்தின் மேல் ஒரு ஊசியை வைத்தாள்.

"என் ஏப்ரன் பாக்கெட்ல இருந்துச்சும்மா. இன்னிக்கு மூடி போட்டு இருந்துச்சு. நாளைக்கு எப்படி இருக்கும்னு தெரியல."

அம்மா கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இயந்திரங்களை நிறுத்தச் சொன்னார். கூடம் இவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, வைத்தது யார் என்று ஒரே ஒரு முறை கேட்டார். எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் போனது.

"சும்மா விளையாட்டுக்குத்தான் அண்ணி," என்றாள் நாத்தனார். பிறகு கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எழுதிக் கொடுத்தீங்கன்னா, சாயங்காலம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வீட்டுக்கு வருவீங்க?"

அம்மா மேலிடத்துக்குப் புகார் எழுதினார். நாத்தனாரின் பெயரை எழுதினார், விசாரணை முடியும்வரை அவளை வேலையிலிருந்து விலக்கி வைக்கச் சொல்லி எழுதினார். கடைசியில், மூன்று வாரம் தெரிந்தும் தான் சும்மா இருந்ததையும் சேர்த்தார். பிறகு பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார். இனி யாரோடு யார் மடிப்பது என்று தினமும் அவரே போடுவார், மாற்றிக்கொள்ள அனுமதி கிடையாது. புதுசின் எதிர்ப்பக்கம் வந்து நின்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் துணியைப் பிடித்தாள்.

சாயங்காலம் வீட்டு மொட்டைமாடியில் பெரிய போர்வை காய்ந்து கிடந்தது. எப்போதும் அண்ணியும் நாத்தனாருமாக மடிப்பார்கள். நாத்தனார் படியேறி வந்தாள், அம்மாவைப் பார்த்தாள், திரும்பி இறங்கிப் போய்விட்டாள்.

அம்மா தனியாக மடித்தார். ஒரு முனையை மோவாயில் இடுக்கினார், கையை எட்டிய மட்டும் நீட்டினார். நடுவில் கோணல் விழுந்தது. பிரித்து மறுபடி மடித்தார், மறுபடியும் விழுந்தது. இதை அந்தப் பெண் மூன்று வாரம் செய்திருக்கிறாள் என்று நினைத்தபோதுதான் அவருக்கு அழுகை வந்தது.